ஏசி ஓடும்போது கியர் மாற்றுவது எப்படி: மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பத்துமலையைத் தாண்டி உலு யாம் பக்கம் போகும் மலைப்பாதையில் விடியற்காலையில் என் யூனோஸ் ரோட்ஸ்டரை எடுத்துக்கொண்டு போவது வழக்கம். கூரையை மடக்கிவிடுவேன். காட்டுக் குளிர் முகத்தில் படும். இரண்டாவதிலிருந்து மூன்றாவது, மூன்றாவதிலிருந்து நான்காவது என்று கியர் வழுக்கிக்கொண்டு விழும். திரும்பி வரும்போது பத்து மணி வெயில் ஏறியிருக்கும். கூரையை மூடி ஏசியைப் போடுவேன். அதே கை, அதே கால், அதே சாலைதான். ஆனால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் வண்டி ஒருமுறை தலையைக் குனிந்து நிமிரும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் தலையும் கூடவே ஆடும்.

கியர்பாக்ஸ் போய்விட்டது என்றே பல மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பட்டறையில், கியர் விழுமுன் பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ தேய்ந்துவிட்டது, பெட்டியை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்றார்கள். பணத்தைப் புரட்டும் நிலைக்கே வந்துவிட்டேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது: கூரை மூடிய நேரத்தில் மட்டும்தான் இந்தக் குலுங்கல் வருகிறது. கூரைக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கூரையை மூடினால் ஏசி ஓடும், அவ்வளவுதான். ஒரு மதியம் கூரையை மூடியபடியே ஏசியை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். வியர்வையில் சட்டை நனைந்தது, கியர் மட்டும் விடியற்காலையில் விழுந்த மாதிரியே விழுந்தது.

அதன் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். யூனோஸ் ரோட்ஸ்டர் என்று ஜப்பானில் விற்கப்பட்டது வேறொன்றுமில்லை, 1989-இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. 1.6 லிட்டர் எஞ்சின், 120 பிஎஸ் குதிரைத்திறன், ஐந்து கியர், சுமார் 940 கிலோ எடை. எண்களை இந்த வண்டியை வைத்தே சொல்கிறேன். சின்ன எஞ்சின், மேனுவல் கியர், ஏசி வாயுவை அமுக்கும் கம்ப்ரசர் எஞ்சின் பெல்ட்டில் ஓடும் எந்த வண்டிக்கும் இதே நியாயம் பொருந்தும்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

ஏசி கியர்பாக்ஸைத் தொடுவதே இல்லை. கிளட்ச்சை முழுதாக மிதித்துவிட்டால் எஞ்சின் ஒரு பக்கம், கியர்பாக்ஸ் இன்னொரு பக்கம். சிங்க்ரோ சமப்படுத்துவது கிளட்ச் தட்டையும் கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டையும் அதோடு சுற்றும் பற்சக்கரங்களையும்தான். ஏசி கம்ப்ரசர் தொங்குவது எஞ்சின் பக்கத்தில். ஆகவே கியர் உள்ளே போவதற்கு ஏசி தடையாக இருக்க முடியாது. லீவர் உள்ளே போக மறுத்தாலோ, பல் அரைக்கும் சத்தம் கேட்டாலோ ஏசியைப் பழி சொல்ல வேண்டாம். அதற்கான காரணங்களைக் கடைசியில் சொல்கிறேன்.

ஏசி மாற்றுவது அடுத்த நொடியில் நடப்பதை. நீங்கள் கிளட்ச்சை விடும் அந்த நேரத்தில் எஞ்சின் எந்த ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்றில், இருக்கிறது என்பதை.

மேல் கியருக்குப் போகும்போது எஞ்சின் சுழற்சி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு இறங்கியாக வேண்டும். இந்த வண்டியின் கியர் விகிதங்கள் 3.136, 1.888, 1.330, 1.000, 0.814. இரண்டாவது கியரில் 6000 ஆர்பிஎம்மில் இருந்து மூன்றாவதுக்குப் போனால், அதே வேகத்துக்கு எஞ்சின் இருக்க வேண்டிய இடம் சுமார் 4230. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு என்றால் 6000-இலிருந்து 3610. ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சின் தானாகவே இறங்கத் தொடங்கும். அது அந்த இடத்தைக் கடக்கும் கணத்தில் கிளட்ச் பிடித்தால் வண்டிக்கு ஒன்றுமே தெரியாது. முன்னாலேயே பிடித்தால் வண்டி முன்னால் தள்ளும். தாமதமாகப் பிடித்தால் இறங்கிப்போன எஞ்சினைச் சக்கரங்கள் இழுத்துத் தூக்க வேண்டியிருக்கும். அந்த இழுப்புதான் வண்டியின் தலைகுனிவு.

கம்ப்ரசர் இந்த இறக்கத்தைத்தான் வேகப்படுத்துகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிவதற்காக எடுத்துக்கொண்டவை, அளந்தவை அல்ல. ஆக்சிலேட்டரை விட்டபின் எஞ்சினின் சொந்த உராய்வும் காற்றை உறிஞ்சும் பாடும் சேர்ந்து 20 நியூட்டன் மீட்டர் அளவுக்குப் பின்னிழுக்கிறது என்று வைப்போம். எஞ்சினின் கிராங்க் தண்டும் அதன் முனையில் சுழலும் கனச் சக்கரமான ஃப்ளைவீலும் சேர்ந்த சுழல் கனம் 0.12 கிலோகிராம் சதுர மீட்டர் என்று கொள்வோம். 6000-இலிருந்து 4230-க்கு இறங்க 1.1 நொடி ஆகும். கம்ப்ரசர் இன்னொரு 10 நியூட்டன் மீட்டர் சுமையை ஏற்றினால் அதே இறக்கம் முக்கால் நொடியில் முடிந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு நேரம் போய்விட்டது. உங்கள் கை பழகியிருப்பதோ பழைய 1.1 நொடிக்கு.

குதிரைத்திறன் குறைவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். 120 பிஎஸ் வண்டியில் கம்ப்ரசர் மூன்று, நான்கு கிலோவாட் தின்றால் முழு வேகத்தில் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் கியர் மாற்றும்போது ஆக்சிலேட்டர் மூடியிருக்கிறது, எஞ்சின் எதையும் கொடுக்கவில்லை. அந்த நேரத்தில் கம்ப்ரசர் சுமை எஞ்சினின் சொந்த உராய்வோடுதான் கூட்டுச் சேர்கிறது. அதனால்தான் சின்னச் சுமை இவ்வளவு பெரிதாக உணரப்படுகிறது.

படி 1: உங்கள் வண்டியில் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள்

எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும். திறந்த வெளியில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, நியூட்ரலில் வையுங்கள். கைப்பேசியை ஸ்லோ மோஷன் வீடியோவில் போட்டு ஆர்பிஎம் முள்ளுக்கு நேராகப் பிடியுங்கள். ஏசி அணைந்த நிலையில் 3000-க்கு ஏற்றி, ஓரிரு நொடி நிலையாகப் பிடித்து, காலைச் சட்டென்று எடுங்கள். முள் 1500-ஐத் தொடும்வரை ஓடட்டும். மூன்று முறை செய்யுங்கள்.

பிறகு ஏசியை முழுக் குளிர்ச்சியில் போடுங்கள். கொஞ்சம் பொறுத்துக் கேட்டால் முன்பக்கத்திலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரும். கம்ப்ரசரின் காந்தக் கிளட்ச் பிடிக்கிற சத்தம் அது. அதே கணத்தில் ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாத நிலையில், நிற்கும் முள் ஒரு மயிரிழை கீழே போய், மறுபடி மேலே வரும். அந்த 'டக்'கையும் முள்ளின் அந்தச் சின்ன முங்கலையும் மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள், சாலையில் இதுதான் உங்களுக்கு வழிகாட்டும். கம்ப்ரசர் பிடித்திருக்கும்போது அதே 3000 சோதனையை மறுபடி மூன்று முறை செய்யுங்கள். இரண்டு வீடியோக்களையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

உங்கள் வீடியோவில் வித்தியாசமே இல்லாமல் போகலாம், ஏசி ஓடும்போது முள் மெதுவாக இறங்கக்கூடச் செய்யலாம். அதுவும் நடக்கும். ஏசி போட்டால் எஞ்சின் நின்றுவிடாமல் இருக்க ஐடில் வால்வு கூடுதல் காற்றை விடும், அந்தக் காற்று கீழ் ஆர்பிஎம்மில் இறக்கத்தைத் தாங்கிப் பிடிக்கும். ஆக்சிலேட்டருக்குக் கம்பி இல்லாமல் எஞ்சினுக்குக் காற்று விடும் த்ராட்டிலை மின்னணு முறையில் திறக்கும் புதிய கார்களில் கம்ப்யூட்டரே சுமையை ஈடுகட்டிவிடும். சில கார்களில் புகைக் கட்டுப்பாட்டுக்காக ஆர்பிஎம்மை வேண்டுமென்றே கொஞ்ச நேரம் மேலேயே பிடித்து வைப்பதும் உண்டு. உங்களுடையது அப்படிப்பட்ட வண்டி என்றால் கீழே சொல்லும் மேல்கியர் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் வீடியோ காட்டுவதைப் பின்பற்றுங்கள்.

படி 2: சுமை எப்போது அதிகம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏசி போட்டால் ஒரே அளவு சுமைதான் என்று நினைப்பது தவறு. கம்ப்ரசர் எவ்வளவு அழுத்தத்துக்கு எதிராக வாயுவை அமுக்குகிறதோ அவ்வளவு சுமை. வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்திய வண்டியில் ஏறி உட்கார்ந்தால், முதல் பத்து நிமிடம்தான் மிகக் கனம். உள்ளே அனல், வெளியே அனல், வண்டி நகராததால், முன்னால் இருந்து ஏசி வாயுவின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்குக் காற்றும் இல்லை. நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடியபின் உள்ளே குளிர்ந்து, முன்னால் காற்றும் அடித்தால் அதே ஏசியின் சுமை வெகுவாகக் குறைந்திருக்கும்.

அதோடு, பழைய கார்களில் கம்ப்ரசர் தொடர்ந்து ஓடுவதும் இல்லை. உள்ளே காற்றைக் குளிர்விக்கும் காயிலில் பனி உறையாமல் இருக்க அவ்வப்போது கழன்றுகொள்ளும், பிறகு மறுபடி பிடிக்கும். ஒரே பயணத்தில் ஒரு கியர் மாற்றம் சுமையோடு, அடுத்தது சுமை இல்லாமல். "ஒரு சமயம் நன்றாக விழுகிறது, ஒரு சமயம் குலுங்குகிறது" என்று ஓட்டுபவர்கள் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வெயிலில் நின்ற வண்டியை எடுக்கும்போது முதலில் கண்ணாடிகளை இறக்கி, ஏசி இல்லாமல் கொஞ்ச தூரம் ஓட்டி அனலை வெளியேற்றுங்கள். ரோட்ஸ்டர் என்றால் கூரையை ஒரு நிமிடம் திறந்து மூடினாலே போதும். பிறகு ஏசியைப் போட்டால் கம்ப்ரசருக்கும் இதம், கியருக்கும் இதம்.

படி 3: வண்டியை நகர்த்துவது

ஐடிலில் எஞ்சினிடம் பலம் மிகக் குறைவு. கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் கணத்தில் கம்ப்ரசரும் 'டக்' என்று பிடித்தால் இரண்டு சுமையும் ஒன்றாக விழும். சின்ன எஞ்சின் அங்கே திணறி நிற்கும். ஆகவே ஏசி ஓடும்போது கிளட்ச்சை விடுவதற்கு முன்பே ஆக்சிலேட்டரை ஒரு தொடு தொட்டு 1300, 1400 வரை கொண்டுவாருங்கள். ஏற்றத்தில் கைபிரேக்கைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கூட்டலாம். கிளட்ச்சை அதிக நேரம் தேய்க்கவே கூடாது. கூடுதல் ஆர்பிஎம் கொடுக்கிறோம் என்பதற்காகக் காலை மெதுவாக எடுத்தால் தட்டு எரியும்.

கோலாலம்பூர் சாயங்கால நெரிசலில் ஊர்ந்து போவது தனிப் பாடு. இந்த வண்டி முதல் கியரில் ஐடிலில் தானாக ஓடினால் மணிக்கு 7 கிலோமீட்டர் வேகம் வரும். அப்படிக் காலை வைக்காமல் ஊரவிட்டால், கம்ப்ரசர் பிடிக்கும்போதெல்லாம் வண்டி பின்னால் இழுக்கும், விடும்போதெல்லாம் முன்னால் பாயும். ஆக்சிலேட்டரை லேசாக ஒரே அளவில் பிடித்து 1200-க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்துக்கு இடம் இல்லை என்றால் கிளட்ச்சை மிதித்து உருளவிட்டு நிறுத்துங்கள், முன்னால் போதிய இடைவெளி கிடைத்தபின் மறுபடி நகருங்கள். இரண்டாவது கியருக்கு 13 கிலோமீட்டருக்குக் கீழே அவசரப்பட்டுப் போக வேண்டாம். ஏசி ஓடும்போது அங்கே எஞ்சின் முனகும்.

படி 4: மேல் கியருக்கு மாற்றுவது

இங்கேதான் தாளத்தை மாற்ற வேண்டும். லீவரை முரட்டுத்தனமாக இழுப்பதில் பயன் இல்லை. சிங்க்ரோவுக்கு அதன் நேரத்தைக் கொடுங்கள். குறைக்க வேண்டியது கியர் உள்ளே போனபிறகு கிளட்ச் காலில் இருக்கும் தயக்கத்தை. ஏசி இல்லாத நேரத்தில் கியரைப் போட்டுவிட்டு ஒரு இமைப்பொழுது காத்திருந்து காலை எடுத்திருப்பீர்கள். ஏசி ஓடும்போது அந்தக் காத்திருப்பு வேண்டாம், கியர் உட்கார்ந்ததும் கால் மேலே வரட்டும்.

வேகமாக முடியவில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. நிதானமாக ஓட்டும்போது நானே இதைத்தான் செய்கிறேன். ஆக்சிலேட்டரை முழுவதும் விட்டுவிடாமல், கிளட்ச் மிதிபட்டிருக்கும்போது நூலளவு அழுத்தத்தை வைத்திருப்பேன். முள் இறங்கும், ஆனால் விழாது. நிதானமாக ஓட்டும்போது 4000-இல் மாற்றினால் இரண்டிலிருந்து மூன்றுக்கு 2820, மூன்றிலிருந்து நான்குக்கு சுமார் 3000, நான்கிலிருந்து ஐந்துக்கு 3250. இந்த மூன்று எண்களை மனதில் வைத்துக்கொண்டு முள்ளைப் பார்த்தபடி ஓர் ஆளில்லாத சாலையில் இருபது முறை பழகினால், பிறகு பார்க்காமலே காது சொல்லிவிடும்.

முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போவது எப்போதுமே கடினம். இறக்கம் மிகப் பெரிது. அங்கே மட்டும் ஏசி உங்களுக்கு உதவுகிறது, ஏனென்றால் அந்த நீண்ட இறக்கம் விரைவில் முடிகிறது. ஏசி இல்லாதபோது முன்னால் தள்ளும் பழக்கமுள்ள வண்டி, ஏசி ஓடும்போது இந்த ஒரு மாற்றத்தில் மட்டும் இதமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

ஃப்ளைவீலை இலகுவாக்கியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சுழல் கனம் குறைந்தால் இறக்கம் அதற்கேற்ப வேகமாகும், அதன் மேல் ஏசியும் சேர்ந்தால் சாதாரணக் காலால் பிடிக்கவே முடியாது. பந்தயத் தடத்தில் ஏசி இல்லாமல் ஓட்டுபவர் சொல்வதைக் கேட்டு, தினமும் ஏசியோடு நெரிசலில் போகும் வண்டிக்கு அதைப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 5: கீழ் கியருக்கு மாற்றுவது

நான்காவதில் 3000 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டு மூன்றாவதுக்கு இறங்கினால் எஞ்சின் 4000-க்கு ஏற வேண்டும். மூன்றிலிருந்து இரண்டுக்கு என்றால் 4260. கிளட்ச்சை மிதித்து, ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, முள் மேலே இருக்கும்போதே கிளட்ச்சை விடுவது நமக்குத் தெரிந்த பிளிப்.

ஏசி ஓடும்போது பிளிப் ஏறுவது கொஞ்சம்தான் மந்தமாகும், ஏனென்றால் அப்போது எஞ்சின் பலம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. விழுவதுதான் வெகு வேகமாகிறது. 4000-க்குச் சரியாகத் தட்டிவிட்டுக் கால் ஒரு கணம் தாமதித்தால் எஞ்சின் அதற்குள் 3500-க்கு வந்திருக்கும். வளைவுக்குள் நுழையும்போது இது நடந்தால் பின்சக்கரங்களுக்கு எஞ்சின் பிரேக் திடீரென்று பாயும். ஈரச் சாலையில் பின்சக்கர வண்டிக்கு இது ஆபத்து. ஆகவே தேவைக்குச் சில நூறு ஆர்பிஎம் அதிகமாகத் தட்டுங்கள், கிளட்ச்சை விடுவதையும் பிளிப்பையும் ஒரே அசைவாக்குங்கள். மழை பெய்யும் மலைப்பாதையில் வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே, கீழ் கியரை முடித்துவிடுங்கள்.

இரட்டைக் கிளட்ச் போடுபவர்களுக்கு, அதாவது ஒரு கியர் மாற்றத்துக்கு நடுவில் நியூட்ரலில் ஒருமுறை விட்டுக் கிளட்ச்சை இரண்டு முறை மிதிப்பவர்களுக்கு, மட்டும் ஒன்று. நியூட்ரலில் கிளட்ச்சை விடும் அந்தக் கணத்தில் எஞ்சினும் கியர்பாக்ஸ் தண்டும் ஒன்றாக இருக்கின்றன. அப்போது கம்ப்ரசரின் இழுப்பு உள்தண்டுக்கும் போகும். ஏசி கியர்பாக்ஸின் உள்ளே எட்டிப்பார்க்கும் ஒரே இடம் இதுதான். மேல் கியருக்கு அது உதவும், கீழ் கியருக்குக் கூடுதல் பிளிப் கேட்கும்.

படி 6: முந்துவதும் ஏறுவதும்

முழு ஆக்சிலேட்டரை மிதித்ததும் கம்ப்ரசரைத் தானே கழற்றிவிடும் ஏற்பாடு பல கார்களில் உண்டு. இருந்தாலும் இருவழிச் சாலையில் லாரியை முந்தும்போது அதை நம்பி இருக்காதீர்கள். முந்துவதற்குச் சில நொடி முன்பே ஏசி பொத்தானை அணைத்து, கீழ் கியரைப் போட்டு, பிறகு வெளியே வாருங்கள். கழன்ற கம்ப்ரசர் நீங்கள் கியர் மாற்றும் நேரத்தில் மறுபடி பிடித்துத் தாளத்தைக் கெடுக்காது. விசிறி ஓடிக்கொண்டே இருப்பதால் ஒரு நிமிடம் உள்ளே குளிர் தங்கும்.

நீண்ட மலை ஏற்றத்தில் வெப்ப முள் வழக்கத்தை விட உயர்ந்தால் யோசிக்காமல் ஏசியை நிறுத்துங்கள். இறக்கத்தில் நேர்மாறாக, ஏசியை ஓடவிடலாம். கம்ப்ரசரும் கொஞ்சம் எஞ்சின் பிரேக் தருகிறது.

படி 7: பழுது என்று சந்தேகிக்க வேண்டியவை

ஏசி போட்டதும் முள் முங்கிவிட்டு மேலே வராமல் எஞ்சின் நின்றுபோனால் ஐடில் வால்வும் த்ராட்டில் வாயும் கரி பிடித்திருக்கலாம். சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். இந்த எம்எக்ஸ்-5-இல் ஏசி கம்ப்ரசரையும் பவர் ஸ்டியரிங் பம்ப்பையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போது கிரீச்சிட்டால் பெல்ட் தளர்ந்திருக்கிறது.

குலுங்கல் நாளுக்கு நாள் அதிகமானால் கியர்பாக்ஸைப் பிரிப்பதற்கு முன் ஏசிக் கடைக்குப் போங்கள். கண்டென்சரில் தூசி அடைந்திருந்தாலும், அதன் மின்விசிறி ஓடாவிட்டாலும், வாயு அளவுக்கு மேல் நிரம்பியிருந்தாலும் அழுத்தம் ஏறும், சுமை ஏறும். தொடக்க காலத்து எம்எக்ஸ்-5-கள் ஆர்12 வாயுவோடு வந்தவை. அவற்றில் இப்போது ஆர்134ஏ போட்டிருப்பார்கள். கடும் வெயிலில் அதன் அழுத்தம் பழைய வாயுவை விட அதிகம், அதனால் பழைய அளவையே நிரப்பக் கூடாது. அழுத்தமானி மாட்டிப் பார்க்காமல் "கொஞ்சம் காஸ் போடுகிறேன்" என்பவரிடம் வண்டியை விட வேண்டாம்.

ஏசி அணைத்தபின்னும் லீவர் மறுத்தால்தான் கியர்பாக்ஸ் பக்கம் பாருங்கள். முதலில் கிளட்ச்சின் கீழ் சிலிண்டர். இந்த வண்டியில் அது கசிவதற்குப் பேர்போனது. திரவம் குறைந்தால் கிளட்ச் முழுதாகக் கழலாமல் கியர் அரைக்கும். காலையில் குளிர்ந்த நிலையில் இரண்டாவது கியர் மட்டும் முரண்டு பிடித்துச் சூடானதும் சரியானால் அது கியர் எண்ணெய் விஷயம். ஜிஎல்-4 தரத்தில் 75டபிள்யூ-90 எண்ணெயை மாற்றிப் பாருங்கள். லீவர் உட்காரும் குழியிலும் தனியாகக் கொஞ்சம் எண்ணெய் உண்டு, அதன் மேல் இருக்கும் ரப்பர் உறை காலப்போக்கில் கிழியும். கிழிந்தால் வெப்பமும் சத்தமும் உள்ளே வரும், லீவரும் கரகரக்கும். பட்டறையில் இறக்கச் சொன்ன என் கியர்பாக்ஸுக்குக் கடைசியில் தேவைப்பட்டது அந்த ரப்பர் உறையும் புது எண்ணெயும் மட்டும்தான். பெட்டி இன்னும் இறங்கவில்லை. இப்போது மதிய வெயிலில் கூரையை மூடி, ஏசியைப் போட்டு, 'டக்' சத்தம் கேட்டபிறகு இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகிறேன். பக்கத்தில் இருப்பவரின் தலை ஆடுவதில்லை.